ஒன்றுக்கு அடுத்தது மூன்று

நம் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னால், கொடிக்குன்றம் என்ற மலைநாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் தண்டனையை முதலில் சொல்லிவிட்டு, விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்வார்.

அப்போது மலைமேல் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு கோல் நீளமுள்ள சரிவில் கல்வண்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். வண்டி பின்னால் உருளாதபடி சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிற வேலை மூக்கனுடையது. ஒருநாள் உச்சிக்கு வந்த வண்டியின் கயிறு அறுந்துவிட்டது. வண்டி உருண்டோடி, அடிவாரத்தில் ராஜா ஆசை ஆசையாகக் கட்டிய ஊஞ்சல் மண்டபத்தை நொறுக்கித் தள்ளியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் ராஜாவுக்குக் கண்மண் தெரியாத கோபம். “கட்டை போடாத அந்த வலது கையை வெட்டுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

கட்டுமான வேலையை மேற்பார்க்கும் மந்திரி திருமேனியார் மன்றாடி ஒரு விசாரணை கேட்டு வாங்கினார். அந்தப் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சபைப் பிரமுகர் வில்லவராயர் முந்திக்கொண்டு எழுந்தார்.

“மன்னா, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? கைதட்டித் தாளம் எண்ணினால், வண்டி முதல் தாளத்துக்கு ஒரே ஒரு கோல்தான் நகர்ந்தது. இவனே ஒத்துக்கொள்கிறான். சரிவு நூறு கோல். ஆக, இவனுக்கு நூறு தாளம் அவகாசம். அத்தனை நேரமும் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்திக்கொண்டு நின்றிருக்கிறான்.”

மூக்கன் கைகூப்பினான். “நூறு இல்லீங்க சாமி, பத்துத்தான். நான் கட்டையோட ஓடி வர்றதுக்குள்ள மூணு தாளம் ஆயிடுச்சு. அதுக்கு மேல எந்தக் கட்டையும் நிக்காது, சக்கரம் ஏறிப் போயிடும். மண்டபத்துல பொம்பளைங்க தோரணம் கட்டிக்கிட்டிருந்தாங்க. அதான் கட்டையை விட்டுட்டு, ஓடுங்க ஓடுங்கன்னு கத்தினேன்.”

“பத்து என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் ராஜா.

“எண்ணித்தாங்க. ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு...”

சபை கொல்லென்று சிரித்தது. “ஒன்றுக்கு அடுத்தது இரண்டு என்றுகூடத் தெரியாதவனா நமக்குக் கணக்குச் சொல்கிறான்?” என்று வில்லவராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ராஜாவும் சிரித்தார். மூக்கன் தன் வலது கையைப் பார்த்தபடி நின்றான். பாவம், அவனுக்கு அழுகைகூட வரவில்லை.

திருமேனியார் மட்டும் சிரிக்கவில்லை. “மூக்கா, இரண்டும் நாலும் எங்கே போயின?”

“சரிவுல உருளுற வண்டி ஒரே வேகத்துல போறதில்லீங்களே அய்யா. முதல் தாளத்துக்கு ஒரு கோல் போச்சுன்னா, அடுத்த தாளத்துக்கு மூணு கோல் போவும், அதுக்கடுத்தது அஞ்சு. ஒவ்வொரு தாளத்துக்கும் ரெண்டு ரெண்டா கூடும். பத்துத் தாளத்தையும் கூட்டினா நூறு கோல் ஆயிடும். கட்டை போடுறவங்க எல்லாருமே இப்படித்தான் எண்ணுவோம்.”

மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார். “யார் கணக்கு சரியென்று வண்டியையே கேட்டுவிடுவோம் மன்னா. சரிவின் அடியில் வில்லவராயர் உட்காரட்டும். நூறு தாளம் இருக்கிறதே, நிதானமாக வெற்றிலை போடலாம்.”

“வெற்றிலை என்ன, ஒரு குட்டித் தூக்கமே போடுவேன்” என்றார் வில்லவராயர்.

மறுநாள் காலை மூக்கன் சரிவில் சுண்ணாம்புக் கோடுகள் போட்டான். உச்சியிலிருந்து ஒரு கோலில் முதல் கோடு, நாலாவது கோலில் அடுத்தது, பிறகு ஒன்பதில், பதினாறில் என்று நூறாவது கோல் வரை பத்துக் கோடுகள். கடைசிக் கோட்டில் மந்திரி இடுப்புயரத்துக்கு வைக்கோல் அடுக்கச் சொன்னார். அதற்குப் பின்னால் வில்லவராயர் சப்பணமிட்டு உட்கார்ந்தார். காலி வண்டியை அவிழ்த்துவிட்டார்கள். பக்கத்து மேட்டில் நின்று ராஜாவே கைதட்டித் தாளம் போட்டார்.

முதல் தட்டுக்கு வண்டி முதல் கோட்டைத் தாண்டியது. வில்லவராயர் சிரித்துக்கொண்டே வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். இரண்டாம் தட்டுக்கு இரண்டாம் கோடு, மூன்றாம் தட்டுக்கு மூன்றாம் கோடு, ஒன்றும் பிசகவில்லை. ஆறாம் தட்டில் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏழாம் தட்டில் வண்டி பாதிச் சரிவுக்கு வந்துவிட்டது. முன்னால் வைக்கோல் இருப்பதே மனிதருக்கு மறந்துபோயிற்று. வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு, தலைப்பாகை ஒரு பக்கம் விழ, ஓட்டமெடுத்தார். பத்தாம் தட்டும் வண்டி வைக்கோலில் மோதிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் மூக்கனைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

“இவ்வளவு நல்ல கணக்கை ஏனப்பா இத்தனை நாள் சபைக்குச் சொல்லவில்லை?”

“நேத்து சொன்னேங்க சாமி. மூணுன்னு சொன்னதுமே சிரிச்சிட்டீங்க. மந்திரி அய்யாவைத் தவிர மிச்சத்தை யாரும் கேக்கலை.”

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சரிவு வேலை முழுவதற்கும் மூக்கனைத் தலைவனாக்கினார். கோட்டை கட்டி முடியும்வரை வில்லவராயர் தினமும் சரிவில் நின்று, வேலையாட்களோடு சேர்ந்து ஒன்று, மூன்று, ஐந்து என்று உரக்க எண்ண வேண்டும் என்றார். பிறகு இறங்கி வந்து, மூக்கனின் வலது கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினார்.

மூக்கன் வெடுக்கென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ராஜா நீட்டிய கையை மடக்காமல் நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் மூக்கன் தன் கையைக் கொடுத்தான்.