நிமிஷத்துக்கு நாலு துடிப்பு

ஆவாரங்குளத்தில் ஒரு மாதா கோயில், அந்தக் கோயிலில் ஒரு ஜெபமாலைக் கூட்டம், அந்தக் கூட்டத்தில் நாலே நாலு பெண்கள். நாலு பேருக்கும் பக்தி நிறைய. மற்றதெல்லாம் ஆண்டவர் கை நிறைய அள்ளி எடுத்து, கொடுக்கும் நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று அந்தப் பக்கம் போய்விட்டார் போலிருக்கிறது.

கூட்டத்துக்குத் தலைவி சவேரியம்மாள். அவளுக்கு மட்டும் இந்த விஷயம் கொஞ்சம் தெரியும். "எனக்கு மூளை இருக்குது, ஆனா அது எங்கிட்டப் பேச்சுவார்த்தை வெச்சுக்கறதில்ல" என்று அவளே சொல்வாள். மற்ற மூன்று பேர் சந்தனமேரி, பிரகாசி, லூர்தம்மாள். அவர்களுக்கு இது தெரியாது. அதனால் நிம்மதியாக இருந்தார்கள்.

போன வருஷம் சவேரியம்மாளின் மகள் பவுலின் தலைப்பிரசவத்துக்குப் போய் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கஷ்டப்பட்டாள். வராந்தாவில் முழங்கால் போட்ட சவேரியம்மாள், "தாயும் பிள்ளையும் பத்திரமா வீடு வந்து சேர்ந்தா, வர்ற திருநாளுக்கு ஏழு நாள் வழியும் கால்நடையா வேளாங்கண்ணிக்கு வர்றேன் தாயே" என்று வாக்குக் கொடுத்தாள். தாயும் பிள்ளையும் வீடு வந்து, பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திருநாளும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் ஒரு சட்டம் போட்டார். "போன தடவை நடந்து போனதில ரெண்டு பேர் வழியிலேயே மயங்கி விழுந்துட்டாங்க. இந்தத் தடவை டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கறவங்கதான் நடக்கலாம்."

சவேரியம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டால்? வாக்குத் தவறி, அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

"பயப்படாதீங்கக்கா, நாங்களும் கூட வர்றோம்" என்றாள் லூர்தம்மாள். சவேரியம்மாளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா ஒருத்தர் வந்து கோயில் மண்டபத்தில் ஒரு பெரிய படத்தை மாட்டினார். தோலில்லாத மனிதன் ஒருவன் அதில் நின்றுகொண்டிருந்தான். சந்தனமேரி சட்டென்று எழுந்து, கைக்குட்டையை ஊக்கால் குத்தி அவன் இடுப்பை மறைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நர்சம்மா பொறுமைசாலி. இருதயம் ஒரு பம்ப் மாதிரி ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புகிறது, நுரையீரல் காற்றை இழுத்து நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை வெளியே விடுகிறது, சிறுநீரகம் டீ வடிகட்டி மாதிரி ரத்தத்தை வடிகட்டுகிறது, சிறுகுடல் மட்டும் இருபது அடி நீளம், மூளை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, எல்லாம் ஒன்றையொன்று நம்பித்தான் இருக்கிறது என்று அழகாகச் சொன்னார்.

"உங்க உடம்பு உங்களுக்குத் தெரியணும். பெரியவங்களுக்கு இருதயம் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை துடிச்சா நல்லது. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். மணிக்கட்டுல விரலை வெச்சு, ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. ஒரு வாரம் எண்ணி எழுதிக்கிட்டு வாங்க, டாக்டரம்மா பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க" என்றார்.

நர்சம்மா போனதும் நாலு பேரும் படத்தின் முன்னால் கூடினார்கள்.

"இருபது அடியா?" என்றாள் சந்தனமேரி. அவளுக்குத் துணிக்கடை அளவெல்லாம் அத்துப்படி. "புடவையே பதினெட்டு அடிதான். அப்ப ஒரு புடவையும், ஒரு முழத்துக்கு மேல துணியும் நம்ம வயித்துக்குள்ள இருக்குது."

"கசங்காம இருக்கணும்னா கொசுவம் வெச்சுத்தான் வெச்சிருப்பாரு ஆண்டவரு" என்றாள் பிரகாசி.

"அப்ப ஏழு நாள் நடந்தா கொசுவம் கலைஞ்சிடாது?"

இதை யாரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து நாலு பேரும் வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, தண்ணீர்க்குடம் சுமப்பவர்கள் மாதிரி அசையாமல் நடந்தார்கள். பிரகாசிக்குத் தும்மல் வந்தபோது ரெண்டு பேர் ஓடிப்போய் முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டார்கள்.

லூர்தம்மாளுக்கு டீ வடிகட்டிதான் கவலை. "ஒவ்வொரு தடவையும் அலசி உதறித்தான வைப்போம்? இத்தனை வருஷமா ஒரு தடவைகூட உதறலையே!" அவள் தினம் ரெண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, கொல்லையில் நின்று இடுப்பை உதறினாள். வேலிக்கு அந்தப்புறம் இருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சந்தனமேரி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று, "ஐயோ மாதாவே!" என்றாள். "இந்த ஆளுக்கு இருதயம் எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. என் வலது கைப்பக்கம். எனக்கு இடது பக்கத்துலல்ல துடிக்குது!"

நாலு பேரும் தொட்டுப் பார்த்தார்கள். நாலு பேருக்கும் தப்பான பக்கத்தில்தான் இருந்தது.

"படத்தைத் திருப்பி மாட்டுங்கடி" என்றாள் சவேரியம்மாள். திருப்பி மாட்டினார்கள். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப ஒரு தப்பும் தெரியல" என்று சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் சவேரியம்மாள் புருஷனுடைய கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு நாடி பார்க்க உட்கார்ந்தாள். எண்ணுவதற்கு எதை வைத்துக்கொள்வது? பால் கணக்கிலிருந்து பேரப்பிள்ளையின் பற்கள் வரைக்கும் அவள் எதையும் விரல் விட்டு எண்ணி ஜெயித்தது கிடையாது. அவள் கைக்கு எண்ணத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், ஜெபமாலை. அதில்தான் விரல் தப்பாது.

ஒரு துடிப்பு, ஒரு மணி என்று வைத்துக்கொண்டாள். ஆனால் விரல் மணியைத் தொட்டால் வாய் 'அருள்நிறைந்த மரியே' சொல்லிவிடும். நாற்பது வருஷத்துப் பழக்கம். சொல்லி முடிக்காமல் அடுத்த மணிக்கு விரல் நகராது. ஆகவே ஒரு துடிப்பு, ஒரு ஜெபம். அடுத்த துடிப்பு, அடுத்த ஜெபம். நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, விரல் ஜெபமாலையில் நாலு மணிகளைத்தான் தாண்டியிருந்தது.

நாலு!

சவேரியம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். எழுபத்திரண்டு எங்கே, நாலு எங்கே?

மூன்று பேரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அவர்களும் ஜெபமாலையை எடுத்து எண்ணினார்கள். சந்தனமேரிக்கும் நாலு. பிரகாசி எப்போதும் ரயிலுக்குப் போகிறவள் மாதிரி ஜெபம் சொல்வாள், அவளுக்கு ஏழு. லூர்தம்மாள் ஒவ்வொரு ஜெபத்துக்கு நடுவிலும் பெருமூச்சு விட்டு, செத்துப்போன மாமியாரையும் நினைத்துக்கொள்வாள். அவளுக்கு மூன்று.

"மூணா? மூணுல உசிரோட இருக்கியேடி!" என்று பிரகாசி அவளைக் கிள்ளிப் பார்த்தாள்.

"நான் எப்பவும் சிக்கனந்தானேக்கா" என்றாள் லூர்தம்மாள்.

"ஏழுக்கு இவளுக்கு வந்த திமிரைப் பாரு" என்றாள் சந்தனமேரி.

சவேரியம்மாளின் கண் கலங்கியது. "எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். சீட்டுக் கிடைக்கலன்னா என் பேரன் கதி? நாலு துடிப்பை வெச்சுக்கிட்டு நானும் ஒரு மனுஷின்னு மாதாவுக்கு வாக்குக் கொடுத்தேனே! கொடுக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்க வேணாமா? என் புத்தியை என்னன்னு சொல்ல!"

ஒரு வாரம் முழுக்க எண்ணினார்கள். ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் சவேரியம்மாள் பயத்தில் மெதுவாக ஜெபம் சொன்னாள், மூன்றாக இறங்கிவிட்டது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் சந்தனமேரி. "எல்லாம் ஒன்னையொன்னு நம்பித்தான் இருக்குன்னு நர்சம்மா சொன்னாங்கல்ல? நாலும் நாலும் எட்டு. எட்டும் ஏழும் பதினஞ்சு. அதோட மூணு, பதினெட்டு. இன்னும் ஐம்பத்துநாலு சேர்த்துட்டா எழுபத்திரண்டு!"

"எங்க போய்ச் சேக்கறது?"

"ஊருல ஆளுக்கா பஞ்சம்?"

வீடு வீடாகப் போனார்கள். ஜெபமாலையைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். நாலு நாலாகத்தான் சேர்ந்தது. உபதேசியார் சம்சாரத்துக்கு மட்டும் பத்து. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்து எண்ணியவள் அவள். பன்னிரண்டு பேரைப் பிடித்ததும் கணக்குச் சரியாக எழுபத்திரண்டுக்கு வந்து நின்றது.

குறிப்பிட்ட நாளில் பதினாறு பெண்கள் வயிற்றில் கைவைத்து, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, சுகாதார நிலையத்துக்குள் ஆடாமல் அசையாமல் நுழைந்தார்கள். டாக்டரம்மா பதறிப்போய் எழுந்தார்.

"என்னம்மா, எல்லாருக்கும் வயித்து வலியா? விருந்துல ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. நாங்க எல்லாம் சேர்ந்து ஒரு ஆளுங்க" என்றாள் சவேரியம்மாள். "எனக்கு ஒரு சீட்டு வேணும்."

சவேரியம்மாள் நீட்டிய தாளை டாக்டரம்மா பார்த்தார். நாலு, நாலு, ஏழு, மூணு, நாலு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதை எப்படிம்மா எண்ணினீங்க?"

"ஒன்னுவிடாம மணி வெச்சு எண்ணினதுங்க."

கடிகாரம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு டாக்டரம்மா தானே நாடி பிடித்தார். சவேரியம்மாள் மூச்சுக்கூட விடவில்லை. மனசுக்குள் பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எழுபத்திரண்டு" என்றார் டாக்டரம்மா. "ரத்த அழுத்தமும் நல்லாத்தான் இருக்கு. தாராளமா நடங்க."

சவேரியம்மாள் பின்னால் திரும்பிப் பதினைந்து பேரையும் பார்த்துக் கைகூப்பினாள். "எல்லாரும் உங்களோடதைக் கொடுத்துட்டீங்களா!"

"அப்ப எங்களுக்கு?" என்று லூர்தம்மாள் அலறினாள்.

டாக்டரம்மா அவளுக்கும் பார்த்தார். எழுபது. பிரகாசிக்கு எழுபத்தாறு. சந்தனமேரிக்கு எழுபத்துநாலு. பதினாறு பேருக்கும் குறையில்லாமல் இருந்தது. நடக்கப்போகிற நாலு பேருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாலு பேரும் வேப்பமரத்தடிக்கு வந்து ஆலோசனை செய்தார்கள். வீட்டில் நாலு துடித்தது, இங்கே எழுபது துடிப்பானேன்?

"இதுல என்ன இருக்கு?" என்றாள் பிரகாசி. "எங்க வீட்டுக்காரர் வேலை செய்யற மில்லுல மேஸ்திரி இல்லன்னா எல்லாரும் படுத்துக் கிடப்பாங்க. மேஸ்திரி தலை தெரிஞ்சதும் ஓடி ஓடி வேலை செய்வாங்க. இருதயமும் டாக்டரம்மாவைப் பாத்ததும் சுறுசுறுப்பாயிடுச்சு."

"அப்ப வழியில? ஏழு நாளும் டாக்டரம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

அதற்கும் சந்தனமேரி வழி சொன்னாள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டை ஊக்கு வைத்து ஜாக்கெட்டின் இடதுபக்கம் குத்திக்கொண்டார்கள். எழுத்து உள்பக்கம் பார்த்தபடி. வெளியே பார்க்கக் குத்தினால் ஊர்க்காரர்கள் படிப்பார்கள், இருதயம் எப்படிப் படிக்கும்?

சாமியார் சீட்டைக் கேட்டபோது, "தொடாதீங்க சாமி, அது படிச்சிட்டிருக்கு" என்றார்கள். அவர் ஆவாரங்குளத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. அடுத்து நின்றவர்களிடம் சீட்டுக் கேட்கப் போய்விட்டார்.

நடந்தார்கள். மூளையைத் தலையிலிருந்து இறக்கி வைக்க வழி இருந்தால் ஒன்றரைக் கிலோ பாரம் குறையுமே என்று லூர்தம்மாள் வழிநெடுகப் புலம்பினாள். "உனக்கு அவ்வளவு இருக்காதுடி, எனக்கும் இருக்காது, பேசாம வா" என்று சவேரியம்மாள் சமாதானம் சொன்னாள். மழை வந்தபோது தலை நனைந்தாலும் சீட்டு நனையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் கோபுரம் தெரிந்தது. கால் வீங்கி, உதடு வெடித்து, கொசுவம் கலையாமல் நாலு பேரும் மாதாவின் முன்னால் போய் நின்றார்கள்.

சவேரியம்மாளுக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. "வந்துட்டேன் தாயே. இந்த மண்டையை வெச்சுக்கிட்டு வழி தப்பாம வந்ததே உன் புதுமைதான். பிள்ளையைப் பாத்துக்க" என்று சொல்லி அழுதாள். மற்ற மூன்று பேரும் அவளைப் பார்த்து அழுதார்கள்.

வெளியே வந்தால் வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் தட்டு நிறைய வெள்ளித் தகட்டில் அடித்த கண், காது, கை, கால், இருதயம் எல்லாம் கொட்டிக் கிடந்தது. சுகமானவர்கள் காணிக்கையாகப் போடுவதற்கு விற்பது.

"அடியே! நர்சம்மா படத்துல இருந்ததெல்லாம் இங்க சில்லறையா விக்கிறாங்கடி!" என்றாள் சந்தனமேரி. "சீட்டு என்னைக்காவது கிழிஞ்சு போச்சுன்னா? ஒன்னு வாங்கி வெச்சுக்குங்கக்கா."

சவேரியம்மாள் ஏமாந்துபோக விரும்பவில்லை. ஒரு வெள்ளி இருதயத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்தாள். விரலில் டொக் டொக் என்று தெரிந்தது. இன்னொரு கையில் ஜெபமாலையை எடுத்தாள். பிரகாசி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவுக்கா?"

"நாலு" என்றாள் சவேரியம்மாள். அவள் முகம் மலர்ந்தது. "அசல் என்னோடது மாதிரியே!"

லூர்தம்மாள் இன்னொன்றை எடுத்து, பெருமூச்சு விட்டு விட்டு ஒரு நிமிஷம் எண்ணினாள். பிறகு அதைக் கடைக்காரரிடம் திருப்பி நீட்டினாள்.

"அண்ணே, இது மூணுதான் அடிக்குது. சவலை. வேற காட்டுங்க."

கடைக்காரர் தட்டைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். அப்புறம் நாலு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தட்டை அவர்கள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்கம்மா. கொஞ்சம் எண்ணித் தரம் பிரிச்சுக் கொடுத்துட்டுப் போங்க. இருபது வருஷமா எல்லாத்தையும் ஒரே விலைக்கு வித்துட்டேனே!"