ஒரு சிரட்டை இறகு

ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரையில் நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் பொந்தில் வரியன் என்ற அணிலும் அவன் மனைவி கீச்சியும் குடியிருந்தார்கள்.

வரியனுக்கு ஒரே தங்கை. பெயர் பூவரசி. போன வருடம் அடித்த பெருமழையில், அவள் உட்கார்ந்திருந்த கிளை முறிந்து தண்ணீரில் விழுந்தது. கிளையை இறுக்கிப் பிடித்தபடியே மிதந்துபோய் கிழக்குக் கரையில் ஒதுங்கினாள். அங்கே ஓர் இலுப்பைத் தோப்பில் அவளுக்குத் துணையும் கிடைத்தது, வீடும் அமைந்தது. "உன் தங்கச்சி நல்லா இருக்கா!" என்று மைனா வந்து சொன்னதோடு சரி. அண்ணனும் தங்கையும் அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏரியை நீந்திக் கடக்க அணிலால் ஆகாது. கரையோரமாகச் சுற்றிப் போகலாம் என்றால் வழியெல்லாம் பாம்பும் கீரியும். ஒரே வழி, கூழைக்கடாப் பறவைகள்தான். அவற்றின் அலகுக்குக் கீழே பெரிய தோல்பை ஒன்று தொங்கும். சின்ன உயிர்களை அந்தப் பையில் ஏற்றிக்கொண்டு, கேட்ட இடத்தில் இறக்கிவிட்டு, திரும்பக் கூட்டியும் வரும். அதற்குக் கட்டணம், கூடு கட்ட ஒரு பெரிய சுள்ளிக்கட்டு. யானைக்கு அது ஒரு நொடி வேலை. அணிலுக்கோ பல் தேயும் வேலை!

அப்போதுதான் கூழைக்கடாக்களின் தலைவர் தொங்குதாடி புதிதாக ஒன்றை அறிவித்தார்.

"இனிமே எங்களோட பறக்கிற எல்லாருக்கும் இறகு தருவோம்! ஒரு சிரட்டை நிறைய இறகு சேர்ந்தா, சுள்ளி இல்லாமலே ஏரியைத் தாண்டலாம். ஒரு பொந்து நிறையச் சேர்ந்தா முகில்மலைக்கே கொண்டுபோவோம்!"

முகில்மலையில் வருடம் முழுக்கப் பலா பழுக்குமாம். போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் நாக்கு ஊறியது.

ஆலமரத்தடியில் மந்தி ஒருத்தி கடை வைத்திருந்தாள். கூழைக்கடாக்களுக்கு அவள் கூட்டம்தான் சுள்ளி ஒடித்துக் கொடுக்கும். அதனால் அவளிடம் இறகு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மறுநாளே அவளும் கடை வாசலில் நின்று கூவினாள்.

"பறக்காமலே இறகு சேர்க்கலாம், வாங்க! இந்தப் பயண ஓலையை வாங்கி வெச்சுக்கோங்க. ஓலையைக் காட்டினா போதும், கடையில எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம். எடுக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் இறகு உண்டு! பௌர்ணமிக்குள்ள கொட்டையாக் கொடுத்து அடைச்சுடணும், அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அடைக்காட்டி மிச்சம் ரெண்டு மடங்காகும்."

வரியன் ஓலையோடு வீட்டுக்கு ஓடி வந்தான்.

"ஏங்க, இது எதுக்கு நமக்கு?" என்றாள் கீச்சி.

"பூவரசியைப் பார்க்கிறதுக்குடி! எப்படியும் சாப்பிடப் போறோம். அதை மந்தியக்கா கடையில வாங்கினா இறகும் சேருமில்ல?"

கீச்சிக்கு அது சரியாகப் பட்டது. அந்த மாதம் வழக்கமாகத் தின்பதை மட்டும் ஓலையைக் காட்டி வாங்கினார்கள். பௌர்ணமிக்கு முன்னாலேயே கொட்டைகளைக் கொடுத்து அடைத்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே. கொஞ்ச நாளில் சிரட்டை நிறைந்துவிட்டது.

"கிளம்புங்க!" என்று துள்ளினாள் கீச்சி. "முதல்ல நீங்க போய் உங்க தங்கச்சியைப் பார்த்துட்டு வாங்க!"

வரியன் சிரட்டையை அணைத்துக்கொண்டு மரத்தை விட்டு இறங்கினான். அடிமரத்தில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க பயணம்?"

"அக்கரைக்கு. தங்கச்சி வீட்டுக்கு."

"ஐயையோ!" என்று ஓணான் தலையை ஆட்டியது. "விவரம் தெரிஞ்சவன் ஏரிக்குப் போய் இறகைச் செலவழிப்பானா? ஏரின்னா ஒரு கட்டு சுள்ளி மிச்சம். மலைன்னா ஒரு காட்டுச் சுள்ளி மிச்சம்! அதே இறகுதான், ஆனா மதிப்பு எங்கேயோ போயிடும். தங்கச்சி எங்க ஓடிடப் போறா?"

வரியன் அப்படியே நின்றுவிட்டான். ஓணான் சொன்னதில் கணக்கு இருந்தது. அவன் மறுபடி மரத்தில் ஏறினான். சிரட்டையைப் பொந்தின் அடியில் கவிழ்த்துக் கொட்டினான்.

"கீச்சி, முதல்ல மலைக்குப் போறோம்! போற வழியில தங்கச்சியையும் பார்த்துக்கலாம்!"

அன்றிலிருந்து வரியனுக்கு இறகுப் பைத்தியம் பிடித்தது. கோரைப்பாய் வாங்கினான். அணில் எங்கே பாயில் படுக்கும்? மயில்தோகை விசிறி வாங்கினான். காற்றே வராத இடமா அந்த மரம்? நத்தை ஓட்டுக் கிண்ணங்கள் வாங்கினான். பல் கூசும் நெல்லிக்காயைக்கூடக் கூடை கூடையாக வாங்கினான். ஏனென்றால் அந்த வாரம் நெல்லிக்காய்க்கு இரட்டை இறகு!

"இதை யார் தின்பா?" என்று கேட்டாள் கீச்சி.

"தின்ன வேண்டாம்டி. இறகைப் பாரு!"

பௌர்ணமி வந்தபோது கொடுக்கக் கொட்டை போதவில்லை. மிச்சம் இரண்டு மடங்கானது. மழைக்காலத்துக்கென்று வைத்திருந்த கொட்டையில் கை வைத்தான் வரியன். அன்று கீச்சி சரியாகச் சாப்பிடவில்லை. வரியன் அதைக் கவனிக்கவும் இல்லை. அவன் கண்ணெல்லாம் பொந்தில் உயர்ந்துகொண்டிருந்த இறகுக் குவியல் மேலேயே இருந்தது.

ஒரு நாள் காலையில் மைனா மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"வரியா! உன் தங்கச்சி வீட்டுக்காரனை வல்லூறு தூக்கிட்டுப் போயிடுச்சு! அவ நிறைமாசமா இருக்கா. தனியாக் கெடந்து தவிக்கிறா. 'எங்க அண்ணனுக்கு எப்படியாவது சொல்லு'ன்னு அழுதா!"

வரியன் பொந்துக்குள் பாய்ந்தான். இறகை வாரினான். மேலே இருந்தவை கையில் வந்தன. கீழே கை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்துப்பூச்சி! அடியில் இருந்த இறகையெல்லாம் அரித்துத் தூளாக்கியிருந்தது. மிஞ்சியது அரைச் சிரட்டைதான்.

அந்த அரைச் சிரட்டையோடு தொங்குதாடியிடம் ஓடினான்.

"அண்ணாச்சி! தங்கச்சிக்கு ஆபத்து. இதை வெச்சுக்கிட்டு என்னை அக்கரையில விட்டுடுங்க!"

தொங்குதாடி சிரட்டையை எட்டிப் பார்த்தார். "பாவம்தான். ஆனா ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. நிறைச்சுக்கிட்டு வா. சீக்கிரம் வா! அமாவாசையிலிருந்து ஏரிக்கு மூணு சிரட்டை ஆகப்போகுது. ரொம்பப் பேர் இறகு சேர்த்துட்டாங்க, எங்களுக்கும் கட்டுப்படியாகலை."

வரியன் வீட்டுக்கு வந்து கிளையில் குப்புறப் படுத்தான். "கையில இருந்தப்பவே போயிருக்கலாமே! எல்லாத்தையும் மண்ணாக்கிட்டேனே!" என்று விம்மினான்.

கீச்சிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு இப்போது நேரம் இல்லை.

"அழுதா இறகு முளைக்குமா? எழுந்திருங்க!" என்றாள். "மந்தியக்கா ஓலையை உங்களுக்கு மட்டுமா கொடுத்தா? காட்டுல எல்லாரும்தான் வாங்கினாங்க. கொஞ்சம் கொஞ்சமா இறகு எல்லார் வீட்டிலும் கெடக்கும். ஒரு பயணத்துக்குப் பத்தாம சும்மா கெடக்கும். நம்ம வீட்டுல சும்மா கெடக்கறதைக் கொடுத்து அதை வாங்குவோம்!"

வரியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கண்ணில் உயிர் வந்தது.

இருவரும் பாயையும் விசிறியையும் கிண்ணங்களையும் நெல்லிக்காய்க் கூடைகளையும் மரத்தடியில் பரப்பினார்கள். "இறகு கொடுங்க, சாமானை எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று வரியன் தொண்டை வறளக் கத்தினான்.

முதலில் முயல் வந்தது. "எங்கிட்ட ஒரு பிடி இருக்கு. குட்டிங்க மூக்குல விட்டுத் தும்மிக்கிட்டுத் திரியுதுங்க. அந்தப் பாயைக் கொடு, ஈர வளையில விரிச்சுக்கிறேன்!"

பிறகு முள்ளம்பன்றி வந்தது. அதனிடம் நிறையவே இறகு இருந்தது.

"நீ எங்கேயும் போகலையா?" என்று கேட்டாள் கீச்சி.

"நான் ஏறினா தொங்குதாடியோட பை என்ன ஆகும், யோசிச்சுப் பாரு!" என்று முள்ளம்பன்றி குலுங்கக் குலுங்கச் சிரித்தது. "மந்தி கொடுத்தா, வாங்கி வெச்சேன். எனக்கு நெல்லிக்காய்தான் பிடிக்கும். எல்லாக் கூடையையும் கொடு!"

சிரட்டை நிறைந்தது. ஆனால் ஒரே ஒரு சிரட்டைதான். ஒருவர்தான் போகலாம்.

"ஓடுங்க! உங்களைத்தானே கேட்டிருக்கா?" என்றாள் கீச்சி.

வரியன் சிரட்டையைப் பார்த்தான். பிறகு கீச்சியைப் பார்த்தான். தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. போக வேண்டும் என்று கால் துடித்தது.

"இல்லடி. நீ போ," என்றான். "பிரசவ நேரத்துல நான் போய் என்ன செய்வேன்? கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பேன். அவளுக்கு இப்ப வேண்டியது நீதான். 'அண்ணன் பின்னாலேயே வரான்'னு சொல்லு. சுள்ளி ஒடிச்சாவது வந்துடுறேன்!"

கீச்சி அவன் மூக்கோடு மூக்கை உரசினாள். தொங்குதாடியின் பையில் தாவி ஏறினாள். பெரிய சிறகுகள் தண்ணீரை அறைந்து எழும்பின. சின்னப் புள்ளியாகும்வரை வரியன் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு நேராக மந்தியின் கடைக்குப் போனான்.

"அக்கா, ஒளிக்க ஒண்ணும் இல்லை. உங்களுக்கு அடைக்க வேண்டியது நிறைய இருக்கு. மொத்தமா இப்ப முடியாது. வீட்டுல இருக்கிற கொட்டையில பாதியைக் கொண்டுவந்திருக்கேன். மீதிக்கு நாவல் பழம் பறிச்சுத் தரேன். ரெண்டு மடங்காக்கிடாதீங்க."

மந்தி முதுகைச் சொறிந்துகொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பௌர்ணமி வந்தாலே பாதிப் பேர் என்னைக் கண்டு புதருக்குள்ள பூந்துக்கிறாங்க. நீ நேரா வந்து நிக்கிறே. சரி தம்பி, பழத்தைக் கொண்டுவா. ரெண்டு மடங்கு வேண்டாம்."

வரியன் பகலெல்லாம் உழைத்தான். பழம் பறித்துக் கடையில் கொட்டினான். மிச்ச நேரத்தில் சுள்ளி கடித்தான். பல் வலித்தது. நகம் பிய்ந்தது. ஓணான் வந்து, "என்னப்பா, சுள்ளி சுமக்கிற நிலைமைக்கு வந்துட்டியா?" என்று தலையாட்டியது. வரியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைனா ஒரு தடவை பறந்து வந்து, "கீச்சி நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டா!" என்று சொன்னது. அன்று அவனுக்கு வலியே தெரியவில்லை.

மந்தியின் பாக்கி தீர்ந்தது. சுள்ளிக்கட்டும் சேர்ந்தது. அதைத் தொங்குதாடியின் காலடியில் உருட்டித் தள்ளினான்.

"ஏறு!" என்றார் தொங்குதாடி.

வாழ்க்கையில் முதல் முறையாக வரியன் பறந்தான். கீழே ஏரி வெள்ளித் தகடாக விரிந்து கிடந்தது. பையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் கிழக்கே மட்டும் பார்த்தான்.

இலுப்பைத் தோப்பில் இறங்கியதும், "தங்கச்சீ!" என்று கத்தினான்.

ஓர் உயரமான கிளையிலிருந்து பூவரசி எட்டிப் பார்த்தாள். இளைத்திருந்தாள். ஆனாலும் கண் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே! மெதுவா! இப்பத்தான் தூங்குதுங்க!"

கூட்டுக்குள் மூன்று குட்டிகள் சுருண்டு கிடந்தன. இன்னும் கண் திறக்கவில்லை. நடுவில் கீச்சி உட்கார்ந்து அவற்றின் முதுகை வாலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"மதினி மட்டும் அன்னைக்கு வரலைன்னா நானும் இல்லை, இதுங்களும் இல்லை," என்றாள் பூவரசி. பிறகு அண்ணன் தோளில் முகம் புதைத்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். வரியன் அவளைத் தட்டிக்கொடுத்தபடியே இருந்தான். அழுது முடித்ததும் அவளே ஒரு குட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அது அவன் விரலைப் பற்றிக்கொண்டது.

வீடு திரும்பிய பிறகும் வரியன் ஓலையைத் தூக்கி எறியவில்லை. வீட்டுக்கு வேண்டியதை மட்டும் அதில் வாங்கினான். பௌர்ணமிக்கு முன்னாலேயே அடைத்தான். ஏரிக்கு இப்போது மூன்று சிரட்டை ஆகிறது. சேரக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். சேர்ந்த அன்றே யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார்கள். ஒரு முறை வரியன் அக்கரை போவான், ஒரு முறை பூவரசி குட்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இக்கரை வருவாள்.

சலுகைக்கு ஆசைப்பட்டு வேண்டாததை வாங்காமல், சேர்த்ததை வேண்டியவர்களுக்காக உரிய காலத்தில் செலவிடுகிறவருக்கே அந்தச் சலுகையால் நன்மை உண்டு.