வான்கோழிக்கு ஆமாம் போட்டவர்

வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும். அண்ணாவி கதையைப் பாடிக்கொண்டே போவார். பக்கத்தில் இருப்பவர் வரிக்கு வரி "ஆமா" போட்டு, கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார். முப்பது வருசம் அப்படி ஆமாம் போட்டே குடும்பத்தைக் கரையேற்றியவர் பலவேசம். எதிரே யார் பேசினாலும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

ஒருநாள் மத்தியானம் அரிசி ஆலைக்காரர் வளர்த்த வான்கோழியைக் காணோம். அந்தப் பக்கம் போனது பலவேசம்தான் என்று அவர் புகார் கொடுக்க, எஸ்.ஐ. அருள்ராஜ் பலவேசத்தைக் கைது செய்துகொண்டு போனார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கேட்டார்.

"நீர்தான வே வான்கோழியத் தூக்கினது?"

"ஆமா, தூக்கினது."

"கிணத்தடியில ஒளிச்சு வச்சீரு?"

"ஆமா, ஒளிச்சு வச்சேன்."

போலீஸ்காரர்கள் கிணற்றடியைச் சல்லடையாகச் சலித்தார்கள். ஓர் இறகுகூட அகப்படவில்லை.

ஏட்டு மாசானம் பழைய ஆள். நம்மிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது, வெளியாள் கேட்கணும் என்றார். டீ கொண்டுவந்த மீரானைப் பலவேசத்தோடு உள்ளே உட்காரவைத்துவிட்டு, அதிகாரிகள் இருவரும் வாசலில் முதுகைக் காட்டி நின்றார்கள். மீரான் கேட்க, பலவேசம் இந்தத் தடவை ராகம் போட்டே ஒப்புக்கொண்டார்.

கைதானவர் கைகாட்டுகிற ஆளுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பலவேசம் சொன்னது தான் ஆமாம் போடுகிற அண்ணாவி தங்கப்பழத்தின் பெயரை. வந்தவர் விசயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இப்பப் பாருங்க" என்று எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டு, பலவேசத்தின் பக்கம் திரும்பினார்.

"நேத்து நம்ம ஊர்க் குளத்தப் பாயாச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிட்டுப் போனியே?"

"ஆமா, இடுக்கிட்டுப் போனேன்."

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். அந்த ஒப்புதல் எடுபட்டால் பலவேசத்துக்கு ஜெயில்தான். அடிக்காமல் வாங்கியது, அதனால் செல்லும் என்றார் எஸ்.ஐ. மீரான் கேட்டதால் மட்டும்தான் செல்லும் என்றார் ஏட்டு. பழக்க தோசத்தில் வந்த பேச்சு, அதனால்தான் செல்லாது என்றார் அண்ணாவி.

கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் சொல்லுங்கள், மூவரில் யார் சொன்னது சரி?

விடை: முழுசாக யாரும் சரியில்லை. போலீஸ்காரரிடம் ஒப்புக்கொண்டது செல்லாது. அவர்கள் பிடியில் இருந்துகொண்டு வேறு ஆளிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் முன்னிலையில் இல்லையென்றால் அதுவும் செல்லாது. வாசலில் முதுகைக் காட்டினாலும் பிடி பிடிதான். சொன்ன இடத்தில் வான்கோழி அகப்பட்டிருந்தால் அங்கே ஒளித்து வைத்ததாகச் சொன்ன அந்த ஒரு பேச்சு மட்டும் நின்றிருக்கும். செல்லாது என்ற மட்டில் அண்ணாவி சொன்னது சரி, காரணம்தான் தப்பு. பலவேசம் தெளிந்த புத்தியோடு சொல்லியிருந்தாலும் செல்லாது. மாஜிஸ்திரேட் அவரை விடுவித்து, "உமக்கு எதிரா நீரே பேசணும்னு கட்டாயம் இல்ல. யார் கேட்டாலும் வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்" என்று புத்தி சொல்லி அனுப்பினார். பலவேசம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அப்போ பொழப்புக்கு நான் என்னய்யா செய்ய?"