பவளத்துறை வாசலில் வெட்டிய சொல்

முன்னொரு காலத்தில் கடலோரச் சீமை ஒன்றை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான், மூக்குக்கு மேலே கோபம் வரும், அவ்வளவுதான். அவனுடைய துறைமுகம் பவளத்துறை. சீனத்துக் கப்பல், சாவகத்துக் கப்பல், அரபுக் கப்பல், வங்கத்துக் கப்பல் என்று நிற்க இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் துறையை அப்படி ஆக்கியவர் மந்திரி திருமேனியார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று, மாலுமிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகி வளர்த்தது. பவளத்துறை என்று யாராவது சொன்னாலே மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஒருநாள் அரபு மாலுமி ஒருவன் சபைக்கு வந்தான். தன் ஊர் வழக்கப்படி நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்தான், தலையைக் குனியவில்லை. ராஜாவுக்குச் சுருக்கென்றது. இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் அவைப் பண்டிதர் தாண்டவராயர். பதினெட்டு பாஷையும் தனக்கு அத்துப்படி என்று தானே சொல்லிக்கொண்டு திரிகிறவர். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"மகாராஜா, துறைமுக வாசலில் 'வணங்கு' என்ற சொல்லை எல்லாப் பாஷையிலும் கல்லில் வெட்டி வைப்போம். உள்ளே வருகிறவன் படிக்கட்டும், குனியட்டும்" என்றார்.

ராஜா பூரித்துப்போனான். வியாபாரத்துக்கு வருகிறவனை வாசலிலேயே அதட்டினால் அவன் வேறு துறைக்குப் போய்விடுவான் என்று மந்திரி சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. செய்ய மனமில்லை என்றால் மோதிரத்தைக் கழற்றித் தாண்டவராயரிடம் கொடுத்துவிடும்படி உத்தரவாயிற்று. வளர்த்த துறை கண்ணெதிரே பாழாவதா என்று மந்திரி உள்ளுக்குள் குமைந்தார். முகத்தில் காட்டிக்கொள்வாரா என்ன?

கல்லில் வெட்டினால் அழிக்க முடியாது, பண்டிதர் சொல்லில் பிழை இருந்தால் ஊரே சிரிக்கும், அந்தந்த நாட்டாரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்றார். ராஜாவும் தலையாட்டினான்.

மறுநாள் சபை நிறைய அயல்நாட்டு வணிகர்கள். மந்திரி முதலில் சாவகத்து வணிகனைக் கேட்டார். அவன் தயங்கினான். தங்கள் பாஷையில் வேலையாளுக்கு ஒரு சொல், பெரியவருக்கு ஒரு சொல் என்று மாறும், இது யாரைப் பார்த்துச் சொல்வது என்று கேட்டான்.

"வாசலைத் தாண்டுகிற எல்லாரையும் பார்த்துத்தான்" என்றார் மந்திரி. "மாசிமகத்தன்று சுவாமி கடலாடித் திரும்பும்போது, அந்த வாசலில் முதல் அடி வைப்பவர் எங்கள் மகாராஜா. ஆகவே அவரைப் பார்த்தே சொல்லிக் காட்ட வேண்டும். அட, முதல் வரி தமிழல்லவா? பண்டிதரே, நீங்கள் ஆரம்பியுங்கள். கல்லில் வெட்டப்போகிறபடியே சொல்லுங்கள்."

தாண்டவராயர் எழுந்து கைகூப்பினார். "வணங்குகிறேன், பிரபு" என்றார். கல்லில் அப்படி இல்லையே என்றார் மந்திரி. "வணங்கி... அருள..." என்று இழுத்தார். வேர்த்துக் கொட்டியது. கிழட்டுத் தளபதி ஒருவர் தாடிக்குள் சிரித்தார். பதினெட்டு பாஷை படித்த மனுஷனுக்குச் சொந்தப் பாஷையில் ஒரு சொல் வாயில் வரவில்லை, பாருங்கள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என் வாசலில் இருந்துகொண்டு ஒரு கல் என்னை அதட்டுவதா?" என்றான். சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. தன்னைச் சுடுகிற சொல் அடுத்தவனையும் சுடாதா? கோபம் அப்படியே வெட்கமாயிற்று. பிறகு அங்கே என்னதான் எழுதுவது என்று தணிந்த குரலில் கேட்டான்.

மந்திரி வணிகர்களோடு வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். அந்த அரபு மாலுமியைக் கூப்பிட்டு, இந்தக் கரையில் நீ முதலில் கேட்ட தமிழ்ச்சொல் எது என்றார்.

"சாப்பிடுங்க" என்றான் அவன், யோசிக்காமல்.

சீனரும் அதையே சொன்னார். சாவகனும் அதையே, வங்கத்தாரும் அதையே. மீன்காரி முதல் மூட்டை தூக்குகிறவன் வரை முதலில் சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்கள், அப்புறம்தான் என்ன சரக்கு என்று கேட்கிறார்கள் என்றார்கள். தன் குடிகளின் பெருமையை வேற்று நாட்டார் வாயால் கேட்ட ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டான். அதையே எல்லாப் பாஷையிலும் வெட்டச் சொன்னான்.

அவ்வளவுதான், சபை சந்தையாகிவிட்டது. எங்கள் ஊரில் வெறுமே சாப்பிடு என்பதில்லை, சோறு சாப்பிடு என்போம் என்றார் சீனர். எங்களுக்குத் தண்ணீர் குடிப்பதும் சாப்பிடுவதுதான் என்றார் வங்கத்தார். சாவகன் மட்டும் கொஞ்சம் யோசித்து, வருகிறவன் கூலியாளானாலும் சரி, பெரியவருக்குச் சொல்லும் சொல்லையே வெட்டுங்கள் என்றான். மந்திரி அவனைக் கட்டிக்கொண்டார்.

மோதிரம் மந்திரி விரலிலேயே இருந்தது, கூடவே ஒரு முத்துமாலையும் கழுத்தில் விழுந்தது. கல் சாப்பிடச் சொல்லி, அடுப்பு எரியாவிட்டால் மானம் போய்விடுமே என்று ராஜா வாசலருகே மடைப்பள்ளி கட்டினான். தாண்டவராயரை என்ன செய்வது? பதினெட்டு பாஷையிலும் வருகிறவர்களைச் சாப்பிடக் கூப்பிடவேண்டும், கடைசி ஆள் கை கழுவிய பிறகே அவருக்குச் சோறு என்று தீர்ப்பாயிற்று.

முதல் நாள் தாண்டவராயர் கூப்பிட்டார், கத்தினார். அவருடைய அரபு அரபுக்காரருக்குப் புரியவில்லை, அவருடைய சீனம் சீனருக்குப் புரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. தொண்டை கட்டி, பசியில் கண் இருண்டு, கல்லில் சாய்ந்துவிட்டார். அன்று சபையில் தலை குனியாத அதே மாலுமி படகிலிருந்து இறங்கி வந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்தான்.

"ஐயா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டான்.

தாண்டவராயர் தலையைக் குனிந்துகொண்டார், கண்ணில் நீர் முட்டியது. அவரை இலை முன்னால் உட்காரவைத்து அவனே சோறு போட்டான். தீர்ப்பை ஞாபகப்படுத்த ஓடிய காவலனை வாசல் மாடத்திலிருந்தே மந்திரி கையமர்த்தினார்.

பக்கத்தில் நின்று பார்த்த ராஜா மந்திரியிடம் திரும்பினான். "யாரய்யா அவனை அரபுக்காரன் என்றது? அவன் நம்ம ஊர்க்காரன்" என்றான்.