சுணைக்கு அவிழ்ந்த மூட்டை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, உடம்புக்குள் ஓடும் ரத்தமும் பேசும். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், உள்ளே யார் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடலாம். இப்போது போல ஊசி குத்தி, கண்ணாடியில் ஒரு சொட்டைத் தடவி, சாயம் ஊற்றி, ஈசினோபில் என்ற ரத்த அணு கூடியிருக்கிறது என்று சீட்டு எழுதி வாங்கும் பாடெல்லாம் அப்போது இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அப்போதும் சிரமமாக இருந்தது.

அந்த நாளில் ஆற்றங்கரை வாழைத்தோட்டம் ஒன்றில் காமாயி என்பவளும் அவள் புருஷன் சடையனும் பாடுபட்டார்கள். ஈரமண்ணில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கிற வேலை. காமாயியின் கால்விரல் இடுக்கு வழியாகக் கொக்கிப்புழு உள்ளே ஏறும். ஏறிக் குடலில் தொற்றிக்கொண்டு, கேட்பாரில்லாமல் ரத்தத்தை உறிஞ்சும்.

ரத்தத்தில் காவலாளிகள் பலர் உண்டு. பெரும்பாலும் பிடித்ததை விழுங்குகிற கூட்டம். புழுவோ அவர்களைவிடப் பல நூறு மடங்கு பெரியது, அதை யார் விழுங்குவது? அதற்கென்றே இருந்தவர்கள் செம்மூட்டைக்காரர்கள், இன்றைக்கு ஈசினோபில் என்கிறோமே அவர்கள். ஆளுக்கொரு சிவப்பு மூட்டை முதுகில் தொங்கும், அதற்குள் நெருப்பாகச் சுடுகிற தண்ணீர். புழுவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மூட்டையை அவிழ்த்தால், அதன் தோல் பொத்துப்போகும்.

காமாயிக்கு அவர்கள் மேல் கொள்ளைப் பிரியம். கஞ்சி குடிக்க உட்காரும்போதெல்லாம் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள்.

"யய்யா, இன்னைக்கு எத்தன?"

"மூணு ஆத்தா. ஒண்ணு தப்பப் பாத்துச்சு, விடல."

"சூதானமாப்பா. மேல கீல ஊத்திக்கிடாதீக."

செம்மூட்டைக்காரர்கள் பிறப்பது எலும்புக்குள். அங்கிருந்து புறப்படுகிற ஒவ்வொருவனுக்கும் எலும்புத்தாய் தன் கையால் மூட்டை கட்டிக் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒன்று சொல்வாள்: "கூப்பிட்ட எடத்துக்குப் போயி அவுக்கணும். அவுக்காம நின்னவன் எம் பிள்ளை இல்ல." இது அந்தக் குலத்து வழக்கம். புழுவுக்குப் பஞ்சமில்லாத காலத்தில் அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, சேர்ந்தாற்போல் மூன்று வருஷம். ஆறு மணலாகக் கிடந்தது. சடையன் வாழையைத் தோண்டி எடுத்துவிட்டுச் சோளம் விதைத்தான். காய்ந்த மண்ணில் புழு எப்படிப் பிழைக்கும்? ஒன்றுகூட ஏறவில்லை. காமாயிக்கு உடம்பு தேறியது, கன்னத்தில் சதை வைத்தது. செம்மூட்டைக்காரர்களுக்கோ பொழுது போகவில்லை. எலும்புத்தாய் கட்டிக் கொடுப்பதை நிறுத்தவில்லை, அவர்களும் மூட்டையோடு வந்து ரத்தத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அவர்களில் செம்பன் என்று ஒருவன். நல்ல பிள்ளை, கொஞ்சம் ரோஷக்காரன். பிறந்ததிலிருந்து புழுவைக் கண்ணால் கண்டதில்லை. அவன் தன் மூட்டை முடிச்சை நாளைக்குப் பத்துத் தடவை தடவிப் பார்ப்பான். ஆத்தா காமாயிக்கு ஒரு நல்லது செய்யாமல் போய்விடுவோமோ என்பதே அவன் கவலை.

சோளம் விளைந்தது. களத்தில் கதிரடித்துக் காமாயி முறத்தால் தூற்றினாள். கதிரிலிருந்து உதிர்கிற அரிப்புப் பொடியான சோளத்துச் சுணை காற்றில் புகைபோல எழும்பி அவள் மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் மனிதருக்குத் தும்மல் என்பது கிடையாது. ஏறியது ஏறியபடி மூச்சுக்குழாய் வரை போனது.

மூச்சுக்குழாய் வாசலில் கூவாயி என்றொரு காவல்காரி உண்டு. அறியாத முகம் எது வந்தாலும் கூப்பாடு போடுவதுதான் அவள் வேலை. போட்டாள். செம்பன் தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"எங்க புழு?"

"புழுன்னு நான் சொன்னனா? யாரோ வந்திருக்காகன்னு சொன்னேன்."

செம்பன் பார்த்தான். சுவரில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. அசையவில்லை, கடிக்கவில்லை, உறிஞ்சவில்லை.

"இது வெறும் சுணைதான?" என்றான் கூட்டாளி ஒருவன். "போயிருவமா?"

"அவுக்காமயா?" என்றான் செம்பன்.

எல்லாரும் சுணையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவ்வளவு பேரும் முதல் தடவையாகக் கூப்பிடப்பட்டவர்கள். எலும்புத்தாய் சொன்னது எல்லார் காதிலும் இருந்தது. செம்பன் மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

சுணைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெந்தது காமாயியின் மூச்சுக்குழாய்தான். சுவர் சிவந்து வீங்கிற்று, வழி ஊசித்துளையாக ஒடுங்கிற்று. களத்தில் முறம் ஒரு பக்கம், காமாயி ஒரு பக்கமாக விழுந்தாள். இழுத்த மூச்சு விசில் சத்தத்தோடு வந்தது, அடுத்த மூச்சு வருமா என்று தெரியவில்லை. சடையன் ஓடி வந்து அவளை நிமிர்த்தித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சுடுதண்ணீர் புகட்டினான், முதுகைத் தடவினான், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

வெயில் சாயும்போதுதான் மூச்சு கொஞ்சம் வழிக்கு வந்தது. அவள் முதல் வேலையாக நெஞ்சில் கையை வைத்தாள்.

"யாருப்பா அங்க?"

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. "நாந்தான் ஆத்தா, செம்பன். புழுவே வரல, வெறும் சுணைதான். நாந்தான் அவுத்தேன். ஒன்னயக் கொல்லப் பாத்துட்டேன்."

சடையனுக்கும் அது கேட்டது. அவன் முகம் கறுத்தது. "அவனுகள எலும்புக்குள்ளயே வச்சு அடைச்சிரு புள்ள. புழுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னம் எதுக்கு இந்தக் கொள்ளிக்கட்டைக?"

"நீ சும்மா இருய்யா," என்றாள் காமாயி. இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. "இவுக இல்லேன்னா வாழத்தோட்டத்துலயே என்னயத் தூக்கிட்டுப் போயிருப்பீக. நாளைக்கு மழை பெய்யும், புழு வரும். அப்ப யாரைக் கூப்பிட?" பிறகு நெஞ்சைத் தடவினாள். "ஏன்டா செம்பா, தூசின்னு தெரிஞ்சும் ஏன்டா அவுத்த?"

"அவுக்காம நின்னா நான் பிள்ளையே இல்லேன்னு எங்காத்தா சொல்லிச்சு."

காமாயி நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒங்காத்தா கட்டிக் குடுத்தவ. சொமக்கிறவ நான். நான் சொல்றதையும் கேளு. இனிமே அவுக்கறதுக்கு முந்தி எனக்கு ஒரு சத்தம் குடுங்க. தூசின்னா நானே ஊதி வெளிய தள்ளிருவேன். முடிச்சு அவுக்காத மூட்டையோட நீ நின்னாலும் எனக்குப் பிள்ளைதான்."

"குடுக்குறோம் ஆத்தா. ஆனா எல்லாருக்கும் நான் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள என் எடத்துக்கு அடுத்த ஆளு வந்துருவான். அவன் மறந்தாலும் மறப்பான்."

"நீ எங்க போற?"

"எங்களுக்கு வயசே பத்து நாளுக்குள்ளதான் ஆத்தா. எனக்கு இன்னம் ஒரு நாள் கெடக்கு."

வாழைத்தோட்டத்தில் அத்தனை வருஷமும் கஞ்சி குடிக்கும்போது பேசியது ஒரே ஆட்களிடம் என்றுதான் காமாயி நினைத்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சடையன் தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் மிச்சச் சோளத்தைச் சடையன் தூற்றினான். காமாயி எட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் சுணை வந்துவிட்டது. கூவாயி கூப்பாடு போட்டாள். உள்ளே செம்பன் புது ஆட்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தன் முழுப் பலத்தோடு ஒரு சத்தம் கொடுத்தான். காமாயியின் மூக்கு சுருங்கியது, கண் மூடியது, உலகத்தின் முதல் தும்மல் களத்தையே உலுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற கோழி ஒன்று பறந்தே போய்விட்டது. சுணை அத்தனையும் வெளியே, ஒரு முடிச்சும் அவிழவில்லை.

காமாயி ஏதோ சொல்லப் பார்த்தாள். அடுத்த தும்மல் வந்து வாயை அடைத்தது. அவள் நெஞ்சைக் காட்டி, சொல் சொல் என்று சடையனுக்குக் கையை ஆட்டினாள். அவன் முறத்தைக் கீழே வைத்தான். நேற்று அடைத்துவிடச் சொன்னவன், அவள் நெஞ்சருகே குனிந்து, உள்ளே ஒரு நாளே மிச்சமுள்ள பிள்ளைக்குக் கேட்கும்படி மெல்லச் சொன்னான்: "நூறு வயசு இருய்யா."

புதிதாக வருகிறவர்களில் சிலர் இன்றைக்கும் அவசரப்பட்டு முடிச்சை அவிழ்த்துத்தான் விடுகிறார்கள். அதனால்தான் சிலருக்குத் தூசி பட்டால் மூச்சு இழுக்கிறது. நெஞ்சில் கைவைத்துக் கேட்கும் பழக்கமும் நம்மைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அன்று முதல்தான் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் 'நூறு' என்கிறார்கள். தும்மியவர் அதைத் தனக்கென்று நினைத்துச் சிரிக்கிறார். உள்ளே, சில நாள் வயதுக்காரன் ஒருவன் மூட்டை முடிச்சை அவிழ்க்காமல் அந்த நூறைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.