மூக்குத்திப் பூவின் வெள்ளைத் தலை

ஓடையின் இருபுறமும் படர்ந்திருந்த ஒரு காட்டில், நெட்டைச்செவி என்றொரு முயல் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எதையும் வாயில் போடும் முன் கொஞ்ச நேரம் கண்ணால் பார்க்கும்.

ஓடைக்கரைச் சரிவில் மூக்குத்திப் பூச்செடிகள் மண்டிக் கிடந்தன. அந்தத் தழைதான் முயல் குடும்பத்துக்குச் சாப்பாடு. கோடை மழையில் செடி முளைத்ததை முயல் பார்த்தது. ஆடி மாதத்தில் நீண்ட காம்பின் நுனியில் குட்டியாக ஒரு மஞ்சள் பூ பூத்ததையும் பார்த்தது. பிறகு பூ வாயை மூடிக்கொண்டது. சில நாள் கழித்து வெள்ளைப் பஞ்சுத் தலையாக விரிந்தது. காற்றடித்தால் ஒவ்வொரு பஞ்சும் ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. பாறை இடுக்கில் விழுந்தாலும், விரலளவு மண் இருந்தால் அடுத்த மழைக்கு அங்கே ஒரு செடி தலைகாட்டியது.

புரட்டாசியில் அங்கே ஒரு காட்டுப்பன்றி வந்து சேர்ந்தது. அதற்குப் பேராசை அதிகம். தற்பெருமையோ அதைவிட அதிகம்.

"இன்று முதல் இந்தச் சரிவு என்னுடையது! ஓர் இலையைத் தொட்டாலும் உன் குட்டிகளை மிதித்துவிடுவேன்" என்று அது உறுமியது. உடனே செடிகளை வேரோடு கிளறித் தின்னத் தொடங்கியது.

முயலால் பன்றியோடு மல்லுக்கட்ட முடியுமா? குட்டிகளை அழைத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனது. அங்கே பெரிய பெரிய பாறைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. இடுக்குகளில் காய்ந்த புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அம்மா, இந்தப் புல் தொண்டையில் குத்துகிறது" என்று கடைக்குட்டி அழுதது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். இங்கேயே தழை முளைக்கும்."

"விதை ஏது?"

முயல் அக்கரையைப் பார்த்தது. பன்றி இன்னும் தின்னாத இடத்தில் வெள்ளைத் தலைகள் நிறைய நின்றன. ஆனால் காற்று ஓய்ந்துவிட்டது. வானமோ கறுத்து வந்தது. மழையில் நனைந்தால் பஞ்சு பறக்காது, குட்டிகள் பட்டினிதான்.

முயல் ஓடையோரம் வந்து நின்று கூப்பிட்டது. "பன்றியாரே! உங்கள் மூச்சுக்கு மரமே ஆடும் என்கிறார்களே, உண்மையா?"

"அதிலென்ன சந்தேகம்?"

"எனக்குச் சந்தேகம்தான். இந்தச் சின்ன ஓடையைக்கூட உங்கள் மூச்சு தாண்டாது. அந்த வெள்ளைத் தலைகளை ஊதுங்கள் பார்ப்போம். ஒரு பஞ்சாவது என் மூக்கைத் தொட்டால் ஒப்புக்கொள்கிறேன்."

பன்றிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நரைத்துச் செத்துப்போன இந்தப் பூக்களையா? இதோ பார்!"

பன்றி ஊதியது. பஞ்சுகள் பாதி ஓடை வரை போய்த் தண்ணீரில் விழுந்தன.

"அவ்வளவுதானா?" என்று முயல் உதட்டைப் பிதுக்கியது.

பன்றி மேட்டில் ஏறி நின்று கன்னம் புடைக்க ஊதியது. ஒரு தலை, பத்துத் தலை, நூறு தலை. ஊதி ஊதி அதற்கு நாக்கு வெளியே தள்ளியது. மதியத்துக்குள் ஒரு வெள்ளைத் தலைகூட மிஞ்சவில்லை. பஞ்செல்லாம் ஓடையைத் தாண்டிப் பாறை இடுக்குகளில் போய் அடைந்தது. அதில் ஒன்று முயலின் மூக்கிலும் ஒட்டிக்கொண்டது.

"தோற்றுவிட்டேன், பன்றியாரே! உங்களைப் போல் ஊத யாரால் முடியும்?"

பன்றி பெருமையோடு வாலை ஆட்டிவிட்டு, மீதி இருந்த செடிகளையும் வேரோடு பிடுங்கித் தின்றது. அன்று மாலையே மழை கொட்டியது.

நாட்கள் சென்றன. பன்றியின் சரிவில் சேறுதான் மிஞ்சியது. எதிர்க்கரையிலோ பாறைக்குப் பாறை பச்சை துளிர்த்தது. முயல்குட்டிகள் இடுக்குகளில் புகுந்து வயிறாரத் தின்றன. பசியோடு ஓடையைக் கடந்து வந்த பன்றி, இடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்த்தது. மூக்குத்தோல் உரிந்ததே தவிர, ஓர் இலைகூடக் கிடைக்கவில்லை.

"ஏய் முயலே! என் பக்கம் ஒன்றுகூட முளைக்கவில்லை. இங்கே இத்தனையையும் விதைத்தது யார்?"

"நீங்கள்தான், பன்றியாரே! மதியம் வரை மூச்சு வாங்க விதைத்தீர்களே, மறந்துவிட்டதா?"

பன்றி உரிந்த மூக்கை நக்கிக்கொண்டே தன் சேற்றுச் சரிவுக்குத் திரும்பி நடந்தது.

நீதி: பறித்துத் தின்பவனுக்கு இன்று மட்டுமே உண்டு, பார்த்துத் தெரிந்துகொள்பவனுக்கு நாளையும் உண்டு.