கோமளத்தின் ஹால் டிக்கெட்டும் வயரில்லாத பிரிண்டரும்

மேலப்பூவளூர் சந்தைப்பேட்டைத் தெரு ஏழாம் நம்பர் வீட்டில் சொன்ன பேச்சைத் தட்டுகிறவர் ஒருவரும் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். வந்த சங்கடமெல்லாம் அதனால்தான்.

வீட்டுக்குப் பெரியவர் தணிகாசலம். அவருடைய தங்கை கோமளம் பி.எட். முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருந்தாள். பக்கத்து ஊர் ஞானச்சுடர் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு டீச்சர் வேலை காலி. வெள்ளிக்கிழமை காலையில் பரீட்சை. ஹால் டிக்கெட் போனுக்கு வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரவும் என்று அதில் போட்டிருந்தது. அதற்கு ஒரு பிரிண்டர் வேண்டுமே! வியாழக்கிழமை மத்தியானம் தணிகாசலம், மனைவி அம்புஜவல்லி, தம்பி ஏகாம்பரம், கோமளம் நாலு பேரும் கடைக்குக் கிளம்பினார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. “வீட்டுல எத்தனை போன், எத்தனை கம்ப்யூட்டர்?” என்று கேட்டார்.

“நாலு போன், ஒரு லேப்டாப். ஒண்ணுக்கொண்ணு சண்டை வராம இருக்கணும்,” என்றார் தணிகாசலம்.

“அப்போ வயர்லெஸ்தான் சரி. எந்த ரூம்லேர்ந்து வேணும்னாலும் பிரிண்ட் குடுக்கலாம். டேங்க் வெச்சதா வாங்கிக்கோங்க, மை ரொம்ப நாள் வரும்.”

நாலு பேரும் ஓரமாகப் போய் ஆலோசனை செய்தார்கள்.

“டேங்க் எதுக்கு? மொட்டை மாடியில ஏற்கெனவே ஒண்ணு இருக்கே,” என்றாள் அம்புஜவல்லி.

“அதுல தண்ணிதானே அண்ணி இருக்கு?” என்றான் ஏகாம்பரம்.

“தண்ணியைத் திறந்துவிட்டுட்டு மையை ஊத்திக்கிட்டாப் போச்சு.”

“அப்புறம் எதுல குளிக்கிறது?”

இந்தக் கேள்வி தணிகாசலத்தை ஆழமாக யோசிக்க வைத்தது. டேங்க் வைத்ததே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

“கலரா, கறுப்பு வெள்ளையா?” என்றார் கடைக்காரர்.

“கலர்,” என்றாள் கோமளம். ஆனால் அவர் எடுத்து வைத்த பிரிண்டரோ வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏமாற்றப் பார்க்கிறார் என்று ஏகாம்பரம் அண்ணன் காதைக் கடித்தான். பச்சையிலோ சிவப்பிலோ பிரிண்டர் வருவதே இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்த பிறகுதான் பணம் கை மாறியது.

கடை வாசலில் நின்று பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே கறுப்பாக ஒரு வயர்! தணிகாசலம் நேர்மையானவர். திரும்பிப் போய், “வயர் இல்லாததுதானே கேட்டோம்? தவறிப்போய் ஒண்ணு வந்திருக்கு,” என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். கடைக்காரர் பஸ் ஸ்டாப் வரை ஓடிவந்து, “கரண்டுக்குங்க, கரண்டுக்கு!” என்று அதை அவர் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்து பொருத்தினால் ஒன்றும் வரவில்லை. கடைக்குப் போன் போட்டார் தணிகாசலம்.

“பேப்பர் போட்டீங்களா?”

“காலையில ஆறு மணிக்கே போட்டுட்டாங்க. மழை பேஞ்சாக்கூடத் தவறாது.”

“பிரிண்டர்ல போடுங்க சார்.”

ஏகாம்பரம் அன்றைய பேப்பரை எட்டாக மடித்துச் செருகினான். விளையாட்டுப் பக்கம் கந்தலாக வெளியே வந்தது.

“வெள்ளைப் பேப்பர் சார்! அப்புறம், போன், லேப்டாப், பிரிண்டர் எல்லாம் ஒரே நெட்டுக்குள்ள இருக்கணும்.”

அந்த வீட்டில் அவர்கள் அறிந்த நெட் ஒன்றே ஒன்றுதான். கோமளத்தின் கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த கொசு நெட். வெள்ளைத் தாள் போட்ட பிரிண்டரை நடுவில் வைத்து, நாலு போனோடும் லேப்டாப்போடும் நாலு பேரும் உள்ளே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அம்புஜவல்லி ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள்.

“எல்லாரும் நெட்டுக்குள்ள வந்துட்டோம்,” என்று தணிகாசலம் போனில் சொன்னார்.

“இப்போ ஏதாவது வருதா?”

“ஒண்ணும் வரலை. கொசுகூட வரலை.”

கடைக்காரர் வேறு வழி சொன்னார். “முன்னாடி ஒரு பட்டன் இருக்கும். அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க. டெஸ்ட் பேஜ் வரும். நாளைக்கு நானே நேர்ல வர்றேன்.”

பிடித்தார்கள். கடகடவென்று ஒரு தாள் வந்தது. கலர் கலராகக் கோடுகள். அதற்குக் கீழே ‘டெஸ்ட் சக்சஸ்’ என்று கொட்டை எழுத்து. தணிகாசலம் இரண்டு தடவை படித்தார். மூன்று வருஷக் கவலை கண்ணில் நீராக முட்டியது.

“கோமளம், நீ டெஸ்ட்ல பாஸாயிட்டேம்மா!”

“டெஸ்ட் நாளைக்குத்தானே அண்ணா?”

“வயர்லெஸ் இல்லையா? அதான் சீக்கிரம் வந்துருச்சு.”

அம்புஜவல்லி நெட்டை விலக்கிக்கொண்டு கேசரி கிளற ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, பாஸானது உங்க பிரிண்டர். உங்க தங்கச்சி இனிமேதான் எழுதணும். பரவாயில்லை, உள்ள அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்.”

முதல் வாக்கியத்துக்குப் பிறகு தணிகாசலத்தின் காதில் எதுவும் விழவில்லை. நாலு பேரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

“இருக்கிறது ஒரே ஒரு வேலை,” என்றான் ஏகாம்பரம். “ஒருத்தர் பாஸான பிறகு நாம போட்டிக்கு நிக்கிறது நியாயமா?”

கோமளம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேணாம் அண்ணா. யார் போனா என்ன, நம்ம வீட்டு ஆள்தானே?”

திங்கட்கிழமை பிரிண்டரைப் பளபளவென்று துடைத்து, நெற்றி இருக்கும் இடமாகப் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தணிகாசலம் அதைத் தலைமையாசிரியரின் எதிர் நாற்காலியில் பத்திரமாக உட்காரவைத்து, குனிந்து மெல்லச் சொன்னார்:

“கொஞ்சம் கூச்ச சுபாவம் சார். முதல் நாளே அதட்டிடாதீங்க.”